பர்ஸ் இருக்கா, பாரு

சௌல்தாரி
4 ஜூன் 2023

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சங்கவி எழுதுகிறேன். போன் இருக்கிற காலத்தில் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துவிடுங்கள். கச்சாலில் கப்பல் வரும் ஜெட்டிக்கு வந்து நின்றால்தான் உங்களுக்கு டவர் கிடைக்கிறது. மீன் வாங்க நிற்பவர்கள் எல்லாரும் கேட்கும்படி சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. எனக்கு அப்படிச் சொல்லவும் வராது. நீங்கள், சித்தப்பா, சுதாகர் அண்ணன் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மா வாயு வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தது வாயு இல்லை. இரைப்பைக்குப் பின்னால் ஒரு கட்டி. போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் முதுகு வழியாக நீள ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் கண்டு, அம்மா தானாக எழுந்து உட்காரவே வெகு நாளானது. இப்போது சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள்.

எடுத்த சதையைச் சின்ன மெழுகுக் கட்டிக்குள் வைத்து, அதிலிருந்து சீவிய துணுக்குகளைக் கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். சென்னை டாக்டர் ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்து மருந்து எழுத மாட்டாராம். இதைத்தான் பார்ப்பாராம். இருப்பது ஒரே ஒரு கட்டி. தொலைந்தால் மறுபடியும் ஊசிதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு லீவு இல்லை. நானும் அம்மாவும்தான் போகிறோம். போர்ட் பிளேயரில் டாலிகஞ்ச் தாண்டி காலேஜுக்குப் போய்வந்ததுதான் நான் இதுவரை செய்த பயணம். படித்த பிள்ளை என்று அப்பா நம்பி அனுப்புகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நம் வீட்டில் விவரம் தெரிந்து, கடல் தாண்டி மெயின்லேண்ட் போய்வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அங்கே திருட்டு அதிகம் என்கிறார்கள். எதை எங்கே வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று எழுதுங்கள்.

அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். "எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்
சங்கவி


கச்சால்
19.6.2023

பாசமுள்ள மக சங்கவிக்கு சின்னம்மா எழுதுறது. இங்க மூணு பேரும் சுகம். ஒன் கடுதாசிய வாசிச்சதுலேருந்து ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனா வெட்டுன மரத்தையே திரும்ப வெட்டுறேன். நான் அழுதேன்னு அக்காகிட்ட சொல்லிறாத.

சொல்றத நல்லா கேட்டுக்க புள்ள. நம்ம தீவுல கதவ சாத்தாமக்கூட தூங்குறோம். அந்தப் பழக்கத்த கப்பலோட விட்டுட்டு எறங்கணும். சென்னையில எறங்குன அன்னைக்கே ஒங்க சித்தப்பா சட்டப்பையில வச்ச மொத்தத்தையும் பறிகுடுத்துட்டு நின்னாரு. பொறவு மூணு வேளையும் அன்னதானம் எங்கன்னு தேடுனோம். அதனால சொல்றேன். பணத்த உள்பாவாடையில பை வச்சுத் தைச்சுக்க. பஸ்ஸுக்கு டீக்கு வேணுங்கிறத மட்டும் கைப்பையில வையி. நாலு பேரு முன்னாடி பணத்த எடுத்து எண்ணாத. போன காதுல வச்சுக்கிட்டு ஜன்னலோரம் ஒக்காராத. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்காதீங்க. யாரு பிஸ்கட் குடுத்தாலும் வாங்காத. எந்த ஊருன்னு கேட்டா தாம்பரம்னு சொல்லு. அந்தமான்னு சொன்னா, ஊரு தெரியாதவங்கன்னு கண்டுபுடிச்சுக்குவானுங்க.

அந்தக் கண்ணாடிச் சாமான ஒடையாம கொண்டுபோக ஒரு வழி யோசிச்சேன். என் நகைக்கடை பர்ஸ சுதாகர்கிட்ட குடுத்து விடுறேன். செவப்பு வெல்வெட்டு, உள்ளுக்குப் பஞ்சு வச்சது, ஜிப்பு இன்னும் நல்லாவே இருக்கு. சுனாமி அலை வந்தப்ப ஊடு போச்சு, உள்ள இருந்த அத்தனையும் போச்சு. இடுப்புல சொருகியிருந்த இந்தப் பர்ஸு மட்டும் என்கூட மேட்டுக்கு ஏறி வந்துச்சு. கடலே எடுக்காதத எவன் எடுக்கப்போறான். அதுக்குள்ள வச்சு, பைய நெஞ்சோட போட்டுக்க. நிறுத்தத்துக்கு நிறுத்தம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்க. அக்காவையும் கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்லு.

காரியம் முடிஞ்சதும் பர்ஸ பத்திரமா திருப்பி அனுப்பு. அக்காவுக்குச் சுடுதண்ணி மட்டும் குடு.

ஒச்சம்மா


சௌல்தாரி
1 ஜூலை 2023

அன்புள்ள சின்னம்மா,

உங்கள் கடிதமும் பர்ஸும் வந்தன. சுதாகர் அண்ணன் டீ கூடக் குடிக்காமல் கப்பலுக்கு ஓடிவிட்டார். தகட்டுப் பெட்டியும் மெழுகுக் கட்டியும் அளவெடுத்துச் செய்த மாதிரி பர்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டன.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, தங்க எழுத்தில் இருக்கும் கடைப் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒன் சின்னம்மா கழுத்துல கெடந்தத எல்லாம் வித்துத் தின்னா. இத மட்டும் வித்துத் திங்கல" என்று சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது என்று உடனே நிறுத்தியும்விட்டாள்.

கப்பலில் பங்க் கிளாஸில் இடம் கிடைத்துவிட்டது. உள்பாவாடையில் பையும் தைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன எதையும் மறக்க மாட்டேன். கால்வலிக்குத் தைலம் போடுகிறீர்களா? சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சங்கவி


சென்னை
16 ஜூலை 2023

அன்புள்ள சின்னம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். கப்பலில் அம்மாவுக்கு வாந்தி அதிகம். மற்றபடி கஷ்டமில்லை. பாதிப் பேர் செருப்பையும் போனையும் போட்டது போட்டபடி டெக்கில் காற்று வாங்கப் போனார்கள். கப்பல் முழுக்க நம் ஆட்கள்தானே.

பணம் பத்திரமாக இருக்கிறது. போனும் இருக்கிறது. உங்கள் யோசனைக்கு நன்றி.

ஒரே ஒரு விஷயம். கண்ணாடித் தகடுகள் வழியில் உடைந்துவிட்டன. என் கவனக்குறைவுதான். பஸ்ஸில் பையை இறக்கும்போது தவறவிட்டுவிட்டேன். மறுபடி சதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அம்மா யோசிக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். கொசு அதிகம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கவி


கச்சால்
2.8.2023

மக சங்கவிக்கு சின்னம்மா. எல்லாரும் சுகம். மழை விடாம ஊத்துது, பால் வெட்டு இல்ல, கூலியும் இல்ல.

பணமும் போனும் பத்திரமா இருக்குன்னு வாசிச்சதும் எனக்கு எவ்வளவு பெரும. குவார்ட்டர்ஸ் பூரா சொல்லிட்டேன். யாரு ஆஸ்பத்திரி ரெஃபர்ல மெயின்லேண்ட் போனாலும் இனி ஒச்சம்மாகிட்ட கேட்டுட்டுப் போகணும்னு கருப்பாயி மதினி கேலி பண்ணுது. ஒங்க சித்தப்பாதான் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அவரு பறிகுடுத்த ஆளு.

ஆனா ஒண்ணு எனக்குப் புரியல கண்ணு. அம்புட்டுப் பஞ்சுக்குள்ள வச்சது எப்புடி ஒடைஞ்சுச்சு? அப்புடியே கண்ணாடி ஒடைஞ்சாலும் மெழுகுன்னு ஒண்ணு எழுதியிருந்தியே. மெழுகு ஒடையுமா? அத டாக்டர்கிட்ட குடுத்தியா? பர்ஸு நனைஞ்சிருந்தா வெயில்ல காய வை. வெல்வெட்டு தண்ணியில கெட்டுப்போகும்.

அக்கா பேசுனா என்ன பேசுனான்னு எழுது.

ஒச்சம்மா


சௌல்தாரி
28 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சின்னம்மா,

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

அம்மா இரண்டாவது ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். என்ன வகை என்று தெரியாமல் மருந்து ஏற்ற முடியாது என்றார். மேசையில் படுக்க வைத்து முதுகைத் துடைத்தார்கள். துடைத்த ஈரம் பட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, என்னால ஆகாது, விட்டுருங்க" என்றாள். அம்மா யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மனசு மாறுவாள் என்று அங்கேயே காத்திருந்தோம். மாறவில்லை. கடைசியில் வலிக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது கஞ்சி குடிக்கிறாள். வாசலில் சிறிது நேரம் உட்காருகிறாள். அப்பா வேலைக்குப் போய்வருகிறார். நான் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் டைப் செய்யும் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள இப்போது லீவு சொல்லியிருக்கிறேன். மழை இங்கேயும் விடவில்லை.

சங்கவி


கச்சால்
20.9.2023

சங்கவிக்கு,

கடல் சரியில்லன்னு ரெண்டு கப்பல் நின்னுபோச்சு. இது எப்ப வந்து சேருமோ தெரியாது.

அக்கா ஊசி வேணாம்னத வாசிச்சு ஒங்க சித்தப்பாகூட அழுதாரு. அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் எழுது. நீ கொசு இருக்குன்னு எழுதுற. மழை பெய்யுதுன்னு எழுதுற. பணம் இருக்கு, போன் இருக்குன்னு எழுதுன. நான் கேட்ட பர்ஸ பத்தி மட்டும் ஒரு வரி கெடையாது. நீ பொய் சொல்லத் தெரியாத புள்ள. தெரியாததுனாலதான் விட்டு விட்டு எழுதுற.

என் பர்ஸு எங்க?

ஒச்சம்மா


சௌல்தாரி
8 அக்டோபர் 2023

அன்புள்ள சின்னம்மா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன். "ஒச்சம்மாவுக்கு மட்டும் சொல்லாத. தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டா" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால்தான் உடைந்தது என்று எழுதினேன். நீங்கள் நேராகக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தகடு எதுவும் உடையவில்லை. பர்ஸைத் திருடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நடந்தது. அம்மாவுக்கு ஒரு சீட் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். பையை நெஞ்சோடு மாட்டியிருந்தேன். நிறுத்தம் வரும்போதெல்லாம் அம்மா, "பர்ஸ் இருக்கா, பாரு" என்பாள். நான் பைக்கு மேலே தொட்டுப் பார்த்து "இருக்கும்மா" என்பேன். அம்மாவுக்குப் பக்கத்தில் தலை நிறையப் பூ வைத்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். அம்மாவுக்குத் தாம்பரம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தமான் என்று சொல்லிவிட்டாள்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா வர்றீங்க? பாப்பா, பைய கெட்டியா புடிச்சுக்கம்மா. இந்த பஸ்ல பிளேடு போடுறவனுங்க ஏறுவானுங்க" என்று அவர் என்னிடம் சொன்னார்.

நான் பயந்துபோய் ஜிப்பைத் திறந்து பார்த்தேன் சின்னம்மா. பர்ஸின் சிவப்பும் தங்க எழுத்தும் வெளியே தெரிந்திருக்கும். மூடினேன். பிறகு கூட்டம் ஏறி நெருக்கியது. அந்த அம்மாள் எங்களுக்கு முன்பே இறங்கிப் போனார். அவர்தான் எடுத்தாரா, வேறு யாராவதா, எனக்குத் தெரியாது. நல்லவராகக்கூட இருக்கலாம். நாங்கள் இறங்கும்போது அம்மா மறுபடி கேட்டாள். தொட்டேன். பையின் அடிப்பக்கம் நேர்க்கோடாகக் கிழிந்திருந்தது. என் விரல் அதன் வழியாக வெளியே வந்தது. தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. சில்லறை இருந்தது. போன் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நகை எவ்வளவு என்று கேட்டார் புகார் எழுதுகிறவர். நகை இல்லை சார் என்றேன். பணமா என்றார். பணமும் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கும்மா இப்படி அழுவுற?" என்றார். ரிப்போர்ட் தாளை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து நின்றார். உள்ளே ஒன்றும் இல்லாத பர்ஸைப் பஸ் டெப்போ சுவருக்குப் பின்னால் வீசிவிட்டுப் போவார்கள், போய்ப் பாருங்கள் என்று அவர்தான் வழி சொன்னார்.

அங்கே சாக்கடை ஓரமாக நிறைய பர்ஸ்கள் கிடந்தன. தோல் பர்ஸ், பிளாஸ்டிக் பர்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளையின் பொம்மை போட்ட பர்ஸ். அம்மாவை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரு குச்சியால் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். யார் யாரோ குழந்தைகளின் போட்டோக்கள் நனைந்து கிடந்தன. சிவப்பாக ஒன்றும் இல்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

உங்கள் மேல் தப்பு இல்லை சின்னம்மா. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரிதான். பணம் அதனால்தான் தப்பித்தது. ஜிப்பைத் திறந்தது நான். ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்துப் போயிருக்கலாம் என்று படித்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தகடு கிடைத்திருந்தாலும் அம்மா பிழைப்பாளா என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன்.

சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

சங்கவி


சௌல்தாரி
12 நவம்பர் 2023

அன்புள்ள சின்னம்மா,

என் கடிதம் கிடைத்ததா? கச்சாலிலிருந்து இரண்டு முறை கப்பல் வந்துபோய்விட்டது. இரண்டு முறையும் அப்பா ஜெட்டிக்குப் போய், தெரிந்தவர்கள் யாரிடமாவது ஏதாவது கொடுத்து விட்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்தார். உங்கள் போன் அடிக்கவே இல்லை. ஒரே ஒரு முறை லைன் கிடைத்தபோது சுதாகர் அண்ணன் எடுத்து, "அம்மா பேச மாட்டேங்குது சங்கவி" என்று மட்டும் சொன்னார். பிறகு லைன் போய்விட்டது.

அம்மா கஞ்சியைக் குறைத்துவிட்டாள். இடுப்பில் புடவை நிற்பதில்லை. நைட்டிதான் போட்டுவிடுகிறேன்.

நான் எழுதாமலே இருந்திருக்க வேண்டுமோ?

சங்கவி


கச்சால்
25.11.2023

சங்கவிக்கு,

கெடைச்சுச்சு.

எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதுறதுன்னு தெரியாமத்தான் எழுதல. நகைக்கடை பர்ஸுல வச்சுக் குடுத்து, தொட்டுத் தொட்டுப் பாருன்னு சொல்லி அனுப்புனவ நான். இங்க இருக்குன்னு திருடனுக்குக் கைய காட்டிக் குடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கேன். இத போயி ஊரு பூரா பீத்திக்கிட்டேன். இப்ப கருப்பாயி மதினி எதுக்க வந்தா வேற தடத்துல போறேன்.

அக்காவ பாக்க வரணும்னு சித்தப்பா டிக்கெட்டுக்குச் சொல்லி வச்சாரு. நான் வேணாம்னுட்டேன். அவ ஒண்ணும் கேக்க மாட்டா. சின்னப் புள்ளையிலேருந்து அப்புடித்தான், நான் ஒடைச்ச சட்டிக்கெல்லாம் அவதான் அடி வாங்குனா. இதுக்கும் ஒண்ணும் கேக்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பா. அத என்னால தாங்க முடியாது புள்ள.

அக்காவுக்கு வாய் காயாம தண்ணி தொட்டு வையி.

ஒச்சம்மா


சௌல்தாரி
10 டிசம்பர் 2023

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் கப்பலில் கச்சாலுக்கு வரும் திருநாவுக்கரசு வாத்தியாரிடம் கொடுத்து, உங்கள் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? சித்தப்பா மழைக்காலத்தில் இருமுவாரே, இப்போது குறைந்திருக்கிறதா?

இங்கே அப்பா சமைக்கக் கற்றுக்கொண்டார். உப்பு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா தினமும் வந்து அம்மாவைத் துடைத்துவிட உதவுகிறார். "பஹுத் கம்சோர் ஹோ கயா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்கிறார். ரொம்பவும் தளர்ந்துவிட்டது எனக்கும் தெரிகிறது. வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை நாக்குக்கு அடியில் விடுகிறேன். அது உள்ளே போனால் தூங்குகிறாள். தூங்காத நேரத்தில் எங்களோடு இருப்பதில்லை.

அம்மா இப்போது அந்தப் பஸ்ஸில் இருக்கிறாள் சின்னம்மா.

முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். கை நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. நைட்டியின் கழுத்துப் பக்கம், பிறகு விலாப்பக்கம், பிறகு தலையணைக்கு அடியில் தேடுகிறது. "பர்ஸ் இருக்கா, பாரு" என்கிறாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்கிறாள். வெளியே லாரி போனால் நிறுத்தம் வந்துவிட்டது என்று எழுந்திருக்கப் பார்க்கிறாள். தொலைந்ததை அவள் மறந்துவிட்டாள். வைத்திருந்ததை மறக்கவில்லை.

இருக்கும்மா என்று சொல்லிப் பார்த்தேன். "எங்க, காட்டு" என்கிறாள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அப்பா சந்தையிலிருந்து ஒரு சிவப்பு பர்ஸ் வாங்கி வந்து கையில் கொடுத்தார். தடவிப் பார்த்தாள். எழுத்து இல்லை என்று தள்ளிவிட்டாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வெகு நேரம் உள்ளே வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வேறு வழி தெரியாமல், "சின்னம்மாகிட்ட இருக்கும்மா. அவங்க பர்ஸ்தானே, திருப்பிக் குடுத்துட்டோம்" என்றேன். உடனே கை நின்றது. "ஒச்சம்மாகிட்டயா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி. அவ இடுப்புல சொருகிக்குவா" என்றாள். அன்றைக்கு ஒரு வாய் கஞ்சியும் இறங்கியது.

ஆனால் அது ஒரு நாளைக்குத்தான் நின்றது. இப்போது, "ஒச்சம்மா எங்க? அவள வரச் சொல்லு" என்கிறாள். நான் சொன்னால் நம்புவதில்லை. என் குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லையோ என்னவோ.

உங்கள் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். பார்வையும் இப்போது சரியில்லை சின்னம்மா. குரல்தான் கேட்கிறது. நீங்கள் பயப்படும் அளவுக்கு அவள் இங்கே இல்லை.

இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரைக்கும் எழுதாமல் வேறு எதையெல்லாமோ எழுதிக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் வந்த கப்பலே திரும்பி வரும்போது அதில் ஏறி வாருங்கள். அப்பா ஜெட்டியில் நிற்பார். இங்கே வந்து நீங்கள் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அவள் கை தேட ஆரம்பிக்கும். பர்ஸ் இருக்கா, பாரு என்று கேட்பாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்டதான் இருக்குக்கா" என்று மட்டும் சொல்லுங்கள்.

சங்கவி